மெசினுக்கு அனுப்ப முதல்

துண்டுகளைப் பொருத்தி மேல்துணியைத் தைத்து முடித்ததும் வீட்டில் எல்லோருக்கும் குவில்ட் முடிந்த மாதிரித்தான். கட்டிலில் விரித்துப் பார்ப்பார்கள், படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடுவார்கள், "இனிப் போர்க்கலாம்தானே?" என்று கேட்பார்கள். போர்க்க முடியாது. மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி, இந்த மூன்றையும் ஊடுருவி ஒன்றாகப் பிடிக்கிற தையல் இன்னும் விழவில்லை. அது விழாமல் போர்த்தினால் முதல் கழுவலிலேயே பஞ்சு ஒரு மூலைக்குப் போய்க் குவிந்துவிடும்.

அந்தத் தையலைக் கையால் போடலாம். பெரிய போர்வை என்றால் மாதக்கணக்கில் இழுக்கும். வீட்டு மெசினிலும் போடலாம். ஆனால் வீட்டு மெசினில் ஊசிக்கும் கழுத்துக்கும் இடையில் ஆறு ஏழு அங்குல இடம்தான் இருக்கிறது. இரட்டைக் கட்டில் அளவுப் போர்வையைப் பஞ்சோடு சேர்த்துச் சுருட்டி அந்த இடைவெளிக்குள் தள்ளித் தள்ளித் தைக்க வேண்டும். தெஹிவளைப் புழுக்கத்தில், மடியில் அத்தனை பாரத்தோடு, அது பெரும்பாடு. அதனால் பெரிய குவில்ட்டுகளைத் தொழிலாகத் தைப்பவரிடம் கொடுத்துவிடுவதுதான் என் வழக்கம். என் மச்சாள் ஸ்காபரோவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பெண்மணி பேஸ்மென்றில் லோங் ஆர்ம் மெசின் வைத்துத் தைத்துக் கொடுக்கிறார். யாராவது ரொறொன்ரோவுக்குப் போகும்போது மேல்துணியும் அடித்துணியும் பெட்டிக்குள் போகும். பக்கத்தில் வேண்டும் என்பவர்களுக்குச் சென்னை இருக்கிறது. 2019 ஜனவரியில் அங்கே இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்தது. லோங் ஆர்மில் தைத்துக் கொடுப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

இப்படிக் கொடுக்கிறதைப் பற்றிக் கேட்கிற தோழிகளுக்கு ஒவ்வொரு முறையும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த முறை மச்சாளின் மகளுக்கு ஒரு குவில்ட் போகிறது. அதை வைத்தே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் லோங் ஆர்ம் மெசின் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்க வேண்டும். விளங்கினால் மிச்ச ஆயத்தம் எல்லாம் தானாக விளங்கும். வீட்டு மெசினில் ஊசி ஓரிடத்தில் நிற்கும், துணி நகரும். லோங் ஆர்மில் துணி இழுத்துக் கட்டப்பட்டு அசையாமல் நிற்கும், மெசின்தான் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஓடும். பத்து முதல் பதினான்கு அடி நீளமான சட்டம். அதில் உருளைகள். அடித்துணியின் ஒரு முனை ஓர் உருளையிலும் மறுமுனை இன்னோர் உருளையிலும் மாட்டப்பட்டு இறுக்கப்படும். அதன்மேல் பஞ்சு, அதன்மேல் மேல்துணி. மெசினின் கழுத்து நீளம் 18 முதல் 30 அங்குலம் வரை வரும். அந்த அகலத்துக்குத் தைத்து முடித்ததும் உருளையைச் சுற்றி அடுத்த பகுதியை முன்னால் கொண்டுவருவார்கள். நிமிடத்துக்கு 2000 தையலுக்கு மேல் போடக்கூடிய மெசின்கள் இவை.

இழுத்துக் கட்டுவது, உருளையில் சுற்றுவது, வேகமாகத் தைப்பது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்துணியில் தொய்வு இருந்தால் மெசின் அதை எடுத்துவிடாது. மடித்து, அதன்மேல் தைத்து, நிரந்தரமாக்கிவிடும். பிரிந்து கிடக்கிற தையல் இழுவையில் வாய் பிளக்கும். கோணலான அடித்துணி உருளையில் சுற்றச் சுற்ற ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொளதொளக்கும். "அனுப்பிவிட்டால் அவ சரிக்கட்டுவா" என்று பலர் நினைக்கிறார்கள். அவருடைய வேலை தைப்பது. துணியைத் தட்டையாக, சதுரமாக, உறுதியாகக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் வேலை. அந்தத் துணியைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததை எல்லாம் கூடவே சொல்லி அனுப்புவதும் எங்கள் வேலைதான்.

இந்தக் குவில்ட்டின் துணி பெரும்பாலும் அம்மாவினதும் பெரியம்மாவினதும் வொயில் சீலைகள். பெரியம்மாவின் சீலைகள் எல்லாம் 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வாங்கியவை. அதற்கு முந்தியவை வெள்ளவத்தை வீட்டோடு போய்விட்டன. அந்த நேரம் யாழ்ப்பாணத்தில் அம்மாவின் பெட்டிக்குள் கிடந்த ஊதா வொயில் ஒன்று மட்டும் மிச்சம். பெரியம்மா 70களில் சலுசல என்ற அரசாங்கத் துணிக்கடையில் வரிசையில் நின்று வாங்கியதாம் அது. அந்தக் காலத்தில் துணி கிடைப்பதே பாடு. கிடைத்ததைப் பத்திரப்படுத்தி உடுத்திருக்கிறார். அதனால்தான் இன்னும் துணியாக இருக்கிறது. ஆனால் மெலிந்துவிட்டது. வெளிச்சத்துக்கு முன் பிடித்தால் நூலிழைகள் தனித்தனியாகத் தெரியும், மடிப்பு விழுந்த இடங்களில் இழை விலகியிருக்கும். கடையில் திரும்பக் கிடைக்கிற துணி என்றால் இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை.

பழைய துணி வைத்திருப்பவர்கள் முதலில் கழுவ வேண்டும். எல்லாவற்றையும் கழுவ வேண்டும், அல்லது ஒன்றையுமே கழுவக்கூடாது. பாதி கழுவியது பாதி புதியது என்று கலந்தால் பின்னால் கழுவும்போது ஒரு துண்டு சுருங்கும், பக்கத்துத் துண்டு சுருங்காது. பழைய சீலை பலமுறை தோய்த்துச் சுருங்கி முடிந்தது. அதோடு புதிய துணி சேர்ப்பதென்றால் புதியதையும் நனைத்துக் காயவைத்துத்தான் வெட்ட வேண்டும். காலி வீதித் துணிக்கடைகளில் வாங்கிய பொப்ளினாக இருந்தாலும் சரி, மஹரகம பமுணுவவில் கிலோக் கணக்கில் அள்ளி வந்த கார்மெண்ட் வெட்டுத் துண்டாக இருந்தாலும் சரி.

அடுத்தது சாயம். சிவப்பு, கருநீலம், கறுப்பு, அரக்கு இந்த நான்கையும் ஒருபோதும் நம்பாதீர்கள். ஈரமான வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை மேலே வைத்து மினுக்கிப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணி சாயம் விடுகிற துணி. உப்பும் வினாகிரியும் போட்டு ஊறவைத்தால் சாயம் பிடித்துவிடும் என்று எங்கள் வீடுகளில் சொல்வார்கள். கடையில் வாங்குகிற பருத்தித் துணிக்கு அது உதவாது. தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசுவதுதான் வழி, தெளியவே மாட்டேன் என்கிற துணியை விட்டுவிடுவது இன்னும் நல்ல வழி. எங்கள் நாட்டு பட்டிக் மீது எனக்குத் தனி ஆசை. மாத்தளை அலுவிகாரையில் ஈனா டி சில்வா வளர்த்தெடுத்த அந்தக் கைவேலையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை விளங்கும். ஆனால் பட்டிக் சாயமும் விடும், மெழுகு மிச்சம் இருந்தால் ஊசியிலும் ஒட்டும். நன்றாகச் சுடுதண்ணீரில் அலசி, மெழுகு போய்விட்டதா என்று விரலால் தடவிப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

தடிப்பமும் கவனிக்க வேண்டியது. கொள்ளுப்பிட்டி பெயார்ஃபுட்டில் கிடைக்கிற கைத்தறி நிறங்களுக்கு ஈடில்லை. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய கடை, இன்றும் அந்தக் கலர்களைப் பார்த்தால் கை தானாக நீளும். ஆனால் அந்தத் தடித்த கைத்தறியையும் வொயிலையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் தடித்தது மெலிந்ததை இழுக்கும். இந்தக் குவில்ட்டில் கைத்தறியை வைக்கவில்லை. பட்டும் இல்லை. ஜரிகைக் கரையை வெட்டி எடுத்துவிட்டேன், ஜரிகையில் ஊசி பட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

வொயில் வழுக்குகிற துணி. வெட்டும்போதே கோணும். இதற்கு மினுக்கினால் ஒட்டுகிற மெல்லிய உட்துணி கடைகளில் கிடைக்கிறது. பலர் எல்லாத் துண்டுக்கும் அதை ஒட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. சீலையின் மென்மைக்காகத்தானே சீலையில் தைக்கிறோம், அதைப் போய் அட்டை மாதிரி ஆக்குவானேன்? எங்கள் அம்மாமார் செய்ததே போதும்: கஞ்சி. சோற்றுக் கஞ்சியை வடித்து, தண்ணீர் விட்டு இளக்கி, முக்கிப் பிழிந்து, நிழலில் காயவைத்து, இலேசான ஈரத்தோடு மினுக்கினால் வொயில் தாள் போல் நிற்கும். வெட்டலாம், தைக்கலாம், மூலைகள் கூராக வரும். ஒன்று மட்டும் கவனம். கஞ்சி போட்ட துணியைக் கொழும்பு ஈரத்தில் மாதக்கணக்கில் அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சி அரிக்கும். தைக்கிற நாட்கள் கிட்ட வந்த பிறகு கஞ்சி போடுங்கள். ஊதா வொயிலுக்கு மட்டும் கஞ்சி போதாது. அதற்குப் பின்னால் மெல்லிய மல் துணியை வைத்து இரண்டையும் ஒன்றாகவே வெட்டித் தைத்திருக்கிறேன். பாரத்தை மல் தாங்கும், பெரியம்மாவின் துணி மேலே இருக்கும். அந்தத் துண்டுகளை ஓரத்துக்குப் போகாமல் நடுப்பக்கமாகவே அமைத்தேன். சட்டத்தில் அதிகமாக இழுபடுவது ஓரம்தான்.

துண்டுகளைப் பொருத்த என்னிடம் இருப்பது வீட்டுப் பழைய கறுப்பு சிங்கர். சிங்கர் 1877இலேயே இலங்கையில் கடை திறந்துவிட்டது, அதனால் இந்த மெசின் இல்லாத பழைய வீடு எங்கள் பக்கத்தில் குறைவு. நேர்த்தையலுக்கு இன்றைக்கும் அதை அடிக்க ஆளில்லை. குவில்ட்டில் கால் அங்குலம் விட்டுத் தைப்பார்கள். அந்தக் கால் அங்குலம் எல்லா இடத்திலும் ஒரே கால் அங்குலமாக இருக்க வேண்டும். ஒரு நூலிழை கூடினாலும் இருபது தையல் தாண்டும்போது அரை அங்குலம் விலகிவிடும். தையலைக் கொஞ்சம் நெருக்கமாக வையுங்கள், அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல் போல. உருளையில் இழுத்துக் கட்டும்போது நெருக்கமான தையல்தான் வாய் திறக்காது.

பின்பக்கத்தை இரவில் விளக்கு வெளிச்சத்தில் பார்க்காதீர்கள். பகலில், யன்னலுக்குக் கிட்ட, மேல்துணியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். வெள்ளைத் துண்டுக்குக் கீழே கறுப்பு நூல் ஒன்று தொங்கினால் அது தைத்த பிறகு முன்பக்கத்தில் கோடாகத் தெரியும். பஞ்சு வெள்ளை, அதன்மேல் மெல்லிய துணி, நடுவில் கறுப்பு நூல். தைத்த பிறகு அதை எடுக்க வழியே இல்லை. அதனால் தொங்குகிற நூல்களை ஒவ்வொன்றாகக் கத்தரியுங்கள். தையலுக்கு விட்ட துணியைக் கடும் நிறத்தின் பக்கம் மடித்து மினுக்குங்கள். எட்டுத் துண்டு ஒரு புள்ளியில் சேர்கிற இடங்களில் அதை இரண்டு பக்கமும் விரித்து மினுக்குவது நல்லது. அந்தப் புள்ளியில் துணி அடுக்கு அடுக்காகச் சேர்ந்து முடிச்சு மாதிரி எழுந்தால் ஊசி அதில் முட்டி வளையும், சிலவேளை உடையும்.

மினுக்குவதிலும் ஒரு முறை உண்டு. சட்டை மினுக்குகிற மாதிரித் தேய்த்து இழுத்தால் சாய்வாக வெட்டிய துண்டுகள் இழுபட்டு நீளும். அயனை வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

இனிக் கரைக்கு வருகிறேன். கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய இடம் இது. மெசின்காரர்கள் எல்லோரும் முதலில் முறைப்பாடு சொல்வது அலை அடிக்கிற கரையைத்தான். துண்டுகளைப் பொருத்தி முடித்த பிறகு சுற்றிவர ஒரு கரை வைக்கிறோம் அல்லவா, அதைப் பலர் எப்படி வைக்கிறார்கள் என்றால், நீளமான துணியை எடுத்து, ஓரத்தோடு வைத்து, தைத்துக்கொண்டே போய், முடிகிற இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். பார்க்கச் சரியாகத்தான் இருக்கும். கட்டிலில் விரித்தால் நடுப்பகுதி தட்டையாகவும் கரை அலை அலையாகவும் கிடக்கும். காரணம், ஓரங்கள் கையில் பிடித்துப் பிடித்து இழுபட்டு நீண்டிருக்கும். அந்த நீண்ட அளவுக்கே கரையும் தைக்கப்பட்டுவிடுகிறது.

சரியான முறை இது. தரையில் துணியைத் தட்டையாக விரியுங்கள். ஓரத்தை அளக்காதீர்கள். நடுவில் மேலிருந்து கீழாக அளக்க வேண்டும். அதற்கு இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒருமுறை, வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி ஒருமுறை. மூன்றின் சராசரிதான் கரையின் நீளம். உதாரணமாக ஓரம் 84 அங்குலம் காட்டும், நடுவில் 83 தான் இருக்கும். கரையை 83க்கு வெட்டுங்கள். இரண்டு பக்கக் கரையும் ஒரே நீளம். பிறகு கரையின் நடுவையும் துணியின் நடுவையும் சேர்த்து ஒரு குண்டூசி, இரண்டு முனைகளிலும் ஒவ்வொன்று, பிறகு கால்வாசிகளில் ஒவ்வொன்று, பிறகு இடையிடையே. அந்த ஒரு அங்குல மிச்சம் குண்டூசிகளுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிப்போகும். நீண்டிருக்கிற துணி கீழே, கரை மேலே இருக்கும்படி வைத்துத் தையுங்கள். மெசினின் பல் கீழ்த்துணியை மெல்ல உள்ளே இழுத்துக் கொடுக்கும். பக்கக் கரைகள் முடிந்த பிறகு அதே மாதிரி அகலத்தை நடுவில் அளந்து மேல் கரையும் கீழ்க் கரையும். இந்த வேலைக்கு ஒரு முழுப் பின்னேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

கரை இல்லாமல் துண்டுகளே ஓரம்வரை போகிற குவில்ட் என்றால், சுற்றிவர ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே ஒரு நேர்த்தையல் ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் முடிகிற ஒவ்வொரு தையலும் சட்டத்தில் பிரிய ஆரம்பிக்கும்.

அடித்துணி எப்போதும் மேல்துணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூட. என்னுடைய மேல்துணி 72க்கு 90. ஆக அடித்துணி 80க்கு 98. கூடுதல் துணி எதற்கு என்றால், மெசினில் மாட்டுவதற்கும் பக்கங்களைக் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்பதற்கும். "நாலு அங்குலம் வீண்தானே" என்று சுருக்கினால் மெசின்தலை அந்தக் கிளிப்புகளில் முட்டும். பஞ்சும் அதே அளவு. பஞ்சை நான் இங்கிருந்து அனுப்புவதில்லை. பெட்டியை அடைத்துக்கொள்ளும், அங்கே அவரிடமே பெரிய உருளையாக இருக்கிறது, தேவையான அளவு வெட்டிக்கொள்வார்.

சீலை வைத்திருப்பவர்களுக்கு அடித்துணிக் கணக்கு அழகாக வரும். ஆறு யார் சீலை 216 அங்குலம். சரிபாதியாக வெட்டினால் 108 அங்குலம் நீளமான இரண்டு துண்டு. அகலம் 45 போல. கரைகளை வெட்டி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தால் ஏறத்தாழ 86க்கு 108. எனக்கு வேண்டிய 80க்கு 98 அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரே சீலையில் ஒரு முழு அடித்துணி! ஆனால் எந்தச் சீலை என்பது முக்கியம். இழுவையை முழுதாகத் தாங்குவது அடித்துணிதான். உடுத்து மெலிந்த வொயிலை அடியில் வைத்தால் உருளையில் மாட்டிய இடத்திலேயே கிழியும். அதிகம் உடுத்தாத, நெருக்கமான நெசவுள்ள நூல் சீலையை எடுங்கள். நான் அம்மாவின் சாம்பல் நிற நூல் சீலையை எடுத்தேன், அம்மா நிறம் பிடிக்காமல் மடித்தே வைத்திருந்தது. ஓட்டும்போது நெய்த விளிம்பை வெட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். விளிம்பு இறுக்கமான நெசவு, கழுவினால் அது வேறு மாதிரிச் சுருங்கி நடுவில் சுருக்கம் விழுத்தும். இந்தத் தையலுக்கு மட்டும் அரை அங்குலம் விட்டு, இரண்டு பக்கமும் விரித்து மினுக்குங்கள். கட்டில் விரிப்புத் துணியிலும் அடித்துணி போடலாம். ஆனால் நூல் எண்ணிக்கை கூடிய விலைகூடின விரிப்பு வேண்டாம். நெசவு அவ்வளவு இறுக்கமாக இருந்தால் ஊசி இழைகளுக்கு நடுவே போக முடியாமல் இழையைக் குத்தி அறுக்கும்.

நான்கு மூலையும் சதுரமா என்று பார்க்க மூலைக்கு மூலை குறுக்காக அளவுங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சதுரம்.

குண்டூசி பற்றி மச்சாள் ஒருமுறை போனில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நீ மூண்டையும் சேத்துப் பின் குத்தி அனுப்பாதை. அவ தனித்தனியாத்தான் மாட்டுவா. நீ குத்தின எல்லாத்தையும் அவ இருந்து கழட்டோணும், அதுக்கும் காசு எடுப்பா." வீட்டு மெசினில் தைக்கிறவர்கள்தான் மூன்றையும் சேர்த்துக் குத்துவது. லோங் ஆர்முக்கு மூன்றும் தனித்தனியாக மடித்துப் போக வேண்டும். எங்கள் பக்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடற்கரையிலிருந்து இரண்டு வீதி தள்ளி இருக்கிற வீட்டில் குண்டூசியைத் துணியில் குத்தியபடி சில வாரம் விட்டுப் பாருங்கள், துருக் கறை துணியில் இறங்கிவிடும். வெளிர் நிற வொயிலில் துருக் கறை போகவே போகாது. தைக்கத் தைக்க எடுத்துவிட வேண்டும். மேல் பக்கம் எது என்று காட்ட ஒரு ஊக்கு போதும், துருப்பிடிக்காதது. அதில் ஒரு சிறு காகிதத் துண்டு கோர்த்து "மேல்" என்று எழுதிவிடுங்கள். மெசின்காரருக்குத் தமிழ் தெரியாது என்றால் அம்புக்குறி.

கோடு போடுகிற பேனையும் கவனம். சூடு பட்டால் மறைகிற பைலட் ஃப்ரிக்ஷன் பேனையைத் தையற்காரர் பலர் பாவிக்கிறார்கள். கோடு போட்டு, மினுக்கினால் கோடு மாயமாகப் போய்விடும். அது மறைகிறதே தவிர அழிவதில்லை. 60 பாகை செல்சியஸுக்கு மேல் நிறம் போகிறது, மைனஸ் 10க்குக் கீழே நிறம் திரும்பி வருகிறது. கொழும்பில் இருக்கும்வரை அது ஒருபோதும் தெரியப்போவதில்லை. ஜனவரியில் ரொறொன்ரோவில் ஒரு வீட்டுத் திண்ணையில் பொதியை ஒரு இரவு வைத்தால் உங்கள் கோடுகள் எல்லாம் போர்வையில் எழுந்து நிற்கும். குளிர் நாட்டுக்குப் போகிற துணியில் சோக் கட்டி, அல்லது தண்ணீரில் கரைகிற பேனை. அதையும் ஒரு மூலைத் துண்டில் பரீட்சித்துப் பார்த்துவிட்டு.

பொத்தான், மணி, சம்கி எதுவும் இப்போது தைக்காதீர்கள். எல்லாம் பின்னால். ஓரப்பட்டியும் பின்னால்தான்.

துணியோடு ஒரு கடிதமும் போகிறது. அதில் என்ன எழுதுகிறேன் என்றால்: துணி பருத்தி, கழுவியது, சாயம் விடாது. ஊதாத் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று ஒரு சின்னப் படம். அவை பழையவை, அங்கே நெருக்கமான தையல் வேண்டாம். லோங் ஆர்மில் வழக்கமாகப் போடுகிறது 18 அல்லது 16 அளவு ஊசி. இந்தத் துணிக்கு 14 போட முடியுமானால் ஓட்டை சிறிதாக விழும். தையல் கோலம் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே மாதிரி ஓடுகிற, இடைவெளி விட்ட அலைக்கோலம். துண்டுக்குத் துண்டு வேறு கோலம் கேட்டால் விலை இரண்டு மூன்று மடங்கு ஏறும், மெலிந்த துணிக்கு அத்தனை ஊசிக்குத்தும் ஆகாது. பஞ்சுப் பையில் எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை தையல் விழ வேண்டும் என்று அச்சடித்திருக்கும். அந்த எல்லைக்குள் இருந்தால் சரி. நூல் நிறத்துக்கு வெளிர் சாம்பல் கேட்டிருக்கிறேன். பல நிறம் கலந்த குவில்ட்டில் வெள்ளை நூல் கடும் நிறத்தில் கத்தும், சாம்பல் எல்லாவற்றிலும் அடங்கிப் போகும்.

காசைப் பற்றியும் கேட்பீர்கள். அங்கே சதுர அங்குலக் கணக்கு. 72க்கு 90 என்றால் 6480 சதுர அங்குலம். அங்குலம் 3 சதம் என்று வைத்துக்கொண்டால் 194 டொலர் 40 சதம், பஞ்சு வேறு. ரூபாயில் பெருக்கிப் பார்த்தால் நெஞ்சு திக்கென்னும். அதனால் எல்லாக் குவில்ட்டும் போகாது, ஊதா வொயில் இருக்கிற குவில்ட்டுகள்தான் போகும்.

கொழும்பைச் சுற்றி மெத்தைக்கும் படுக்கை விரிப்புக்கும் தைக்கிற பட்டறைகளில் பல ஊசி மெசின்கள் இருக்கின்றன. அதில் கொடுத்தால் என்ன என்று ஒரு தோழி கேட்டாள். கொடுக்கலாம். ஆனால் அது வேறு மாதிரி மெசின். உருளையிலிருந்து தொடர்ந்து ஓடி வருகிற துணிக்காகச் செய்தது. உங்கள் ஒற்றைப் போர்வைக்கு முன்னும் பின்னும் ஒரு யார் போல வேண்டாத துணியைத் தைத்து நீட்டிக் கொடுத்தால்தான் பிடித்து இழுக்கும். டயமண்ட் கோலம்தான் பெரும்பாலும். அது துணியில் எங்கே விழுகிறது என்று அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பலவற்றில் சங்கிலித் தையல் வேறு. வெட்டிய இடத்தில் ஒரு நூல் இழுபட்டால் வரிசையாக உருவிக்கொண்டே போகும். வாங்கி வந்த கையோடு சுற்றிவரத் தைத்து அடைத்துவிட வேண்டும். சாதாரணப் பொப்ளினில் செய்த குழந்தைப் போர்வைக்கு, கெதியாக வேண்டும் என்றால், அது நல்ல வழிதான். பெரியம்மாவின் சீலையை நான் அதற்குள் விடமாட்டேன்.

கட்டி அனுப்புவதற்கு முதல்நாள் மொட்டை மாடியில் நிழலில் காயப்போடுங்கள். அலுமாரிப் பூச்சி உருண்டை மணம் துணியில் ஏறியிருந்தால் மூடிய பேஸ்மென்றில் அதோடு வேலை செய்கிறவருக்குத் தலையிடிக்கும். மடிப்பைக் குறைக்க, பெரிய கடதாசிக் குழாய் கிடைத்தால் அதில் சுற்றுங்கள். கிடைக்காவிட்டால் மடிப்புகளுக்குள் பழைய வெள்ளைத் துணியைச் சுருட்டி வைத்து மடியுங்கள். எப்படியும் அங்கே போனதும் மச்சாள் ஒருமுறை மினுக்கித்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். பொலித்தீன் பைக்குள் ஈரம் இல்லாமல் வைத்து, அதற்குமேல் ஒரு தலையணை உறை.

திரும்பி வரும்போது அது மூன்றும் ஒன்றாகிய தடித்த துணியாக, சுற்றிவர மிச்சப் பஞ்சும் அடித்துணியும் நீட்டிக்கொண்டு வரும். அதை நேராக வெட்டி, இரண்டரை அங்குலப் பட்டியை இரண்டாக மடித்து முன்பக்கம் மெசினில், பின்பக்கம் கையால் தைத்து முடிக்க வேண்டும். அந்தப் பட்டிக்குச் சாம்பல் சீலையின் முந்தானைப் பக்கம் மிச்சம் வைத்திருக்கிறேன். முதல் கழுவல் குளிர்ந்த தண்ணீரில், தனியாக, நிழலில் காயவைத்து. மச்சாளின் மகளுக்கு அதையும் எழுதி உள்ளே வைப்பேன், அங்கே எல்லாவற்றையும் ட்ரையரில் போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அப்பாவின் சாரங்கள் காத்திருக்கின்றன. அவை வொயில் மாதிரி இல்லை, உறுதியான துணி, வீட்டு சிங்கரிலேயே நேர்கோடாகத் தைத்துவிடலாம். கட்டங்களை நேருக்கு நேர் பொருத்துவதுதான் அதில் வேலை.